பிற்பாதியைச் சொல்லும் குரல்

தன்னாமுனையில் வேர்னன் அங்கிளின் பூட்டிய வீட்டு வாசலில் ஓட்டோ வந்து நின்றபோது நல்ல வெயில். உள்ளே ஆட்களைவிடச் சாமான்கள்தான் அதிகம். சுருட்டிக் கட்டிய இரண்டு மெத்தைகள், ஒரு மைக், பழைய லப்டொப், ஹெட்போன், துவாயில் சுற்றிய ஒரு இரும்புப் பெட்டி. இவற்றுக்கிடையில் நெருக்கியடித்துக்கொண்டு கொலின், அவன் மனைவி ஜிலியன், அவள் மடியில் மகள் றொஷெல். பார்த்தவர்கள் யாரோ குடிவருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர்கள் வந்தது ஒரு குரலைப் பிடித்து வைக்க.

ஜிலியனின் குரல்வளையில் கட்டி. வருகிற திங்கட்கிழமை கொழும்பில் ஒப்பரேஷன். கட்டியை மட்டும் தனியாக எடுக்க முடியாது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உயிர் தப்பும், கழுத்தில் போடுகிற துளையால் மூச்சு விடலாம், பேச்சு மட்டும் இராது. கோயில் கொயரில் முன்வரிசையில் நின்று கூரை அதிரப் பாடியவளுக்கு இப்போதே வெறும் குசுகுசுப்புத்தான் மிஞ்சியிருந்தது. அந்த நல்ல குரல் ஒரு போனில்கூட இல்லை. வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற குரலை யார்தான் பதிந்து வைப்பார்கள்? மிச்சமிருக்கிற குசுகுசுப்பையாவது மகளுக்கென்று எடுத்து வைக்காவிட்டால், வளர்ந்த பிறகு அவளுக்குத் தாயின் குரல் ஞாபகமே இருக்காது. இந்த நினைப்பு கொலினைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை.

டவுனில் அவர்கள் இருக்கிற வீடு கராஜோடு ஒட்டியது. கொலின் வேலை செய்வதும் அங்கேதான். விடிந்தால் சுத்தியல் சத்தம், பொழுதுபட்டால் ஜெனரேட்டர் சத்தம். அதனால்தான் வாவிக்கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் இந்த வீட்டைக் கேட்டான். கொலினின் சொந்தக்காரரான வேர்னன் அங்கிள் அவுஸ்திரேலியாவில் இருந்தார். சாவி பக்கத்து வளவுப் புஸ்பத்திடம் இருந்தது.

“பாட்டுப் பதியவோ தம்பி?” என்று கேட்டாள் புஸ்பம்.

“இல்லக்கா, செபமாலை.”

“செபமோ?” அவள் சாவியை நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள். “அந்த வீட்டில ஆரும் செபம் சொல்றல்ல தம்பி. சரி, சொல்றதெண்டா ஜன்னலத் திறந்து வெச்சுச் சொல்லுங்க.”

“திறந்தா வெளிச்சத்தம் வந்திரும் அக்கா. சாத்தத்தான் வேணும்.”

புஸ்பம் படியேறாமல் கீழே நின்றபடியே சாவியைக் கொடுத்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். பழைய ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பயம் என்று கொலின் நினைத்துக்கொண்டான். அவனுக்கு இருந்த கவலைக்கு முன்னால் ஊர்ப் பயத்துக்கெல்லாம் இடமில்லை.

வீட்டுக்குள் பூட்டிய வீட்டு வாசம். வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசம். நடு அறையில் மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தார்கள், எதிரொலியை அவை குடித்துவிடும் என்று. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் உதயரூபன் வந்தான். கொலினுடைய கூட்டாளி. டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்துக் கோயில் பாட்டுகள் பதிகிறவன். பெட்டியும் மைக்கும் அவனுடையவை.

துவாயை அவிழ்த்ததும் கொலின் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தான். “இதுவோ கொம்பிரசர்? எனக்குத் தெரிஞ்ச கொம்பிரசர் டயருக்குக் காத்தடிக்கிறது மட்டுந்தான்.”

“இதுவும் அமத்திறதுதான் மச்சான், காத்துக்குப் பதிலாச் சத்தத்த அமத்தும்.” உதயரூபன் பெட்டியின் முகத்திலிருந்த திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். “உள்ளுக்க ஒருத்தன் வொலியூமில கை வெச்சுக்கொண்டு குந்தியிரிக்கான் எண்டு நினை. இது திரெஷோல்ட், அவனுக்கு நீ கீறிக் குடுக்கிற கோடு. சத்தம் கோட்டத் தாண்டினா அவன் குறைப்பான். இது ரேஷியோ, எவ்வளவு குறைக்கிற எண்டது. நாலுக்கு ஒண்டு வெச்சா, கோட்டுக்கு மேல நாலு பங்கு வந்தாலும் ஒரு பங்குதான் வெளிய விடுவான்.”

“இது ரெண்டும்?”

“அட்டாக் எண்டா எவ்வளவு கெதியாக் கைய வைக்கிறான். ரிலீஸ் எண்டா சத்தம் நிண்டதும் எவ்வளவு கெதியாக் கைய எடுக்கிறான். கடைசித் திருகு கெயின். பெரிய சத்தமெல்லாம் அமந்த பிறகு எல்லாத்தையும் சேத்துத் தூக்கிறது. அப்பதான் சின்னச் சத்தமும் பெரிய சத்தமும் கிட்டக்கிட்ட வரும்.”

“அப்ப இவள்ட குசுகுசுப்புக் கேக்குமா?”

“கேக்கும். பல்லி சொல்றதும் கேக்கும். சின்னச் சத்தம் ஆர்ர எண்டு பெட்டிக்குத் தெரியாது.” அவன் கொலினின் தோளில் கை வைத்தான். “ஒண்டு சொல்றன், மறந்திராத. பதியக்குள்ள பெட்டியப் போடாத. முதல்ல சும்மா பதி, பிறகு நான் ஸ்டூடியோவில போட்டுத் தாறன். பெட்டிக்குள்ளால போய்ப் பதிஞ்சதத் திருப்பி எடுக்க ஏலா.”

கோயில் திருவிழா வேலை ஒன்று இருந்ததால் அவன் உடனே புறப்பட்டுவிட்டான்.

என்ன பதிவது என்பதில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஏற்கெனவே ஒரு சண்டை முடிந்திருந்தது. கொலினுக்குக் கதையும் தாலாட்டும் வேண்டும். ஜிலியனுக்குச் செபமாலைதான் வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டவுன் வீட்டில் பின்னேரச் செபத்தைத் தொடங்குவது அவள். ஒவ்வொரு மணிக்கும் அவள் மந்திரத்தின் முற்பாதியைச் சொல்லி நிறுத்துவாள், கொலினும் மகளும் சேர்ந்து பிற்பாதியைச் சொல்லி முடிப்பார்கள்.

“கதை நீங்களும் சொல்லலாம்,” என்றாள் ஜிலியன். காதை அவள் வாயருகே கொண்டுபோனால்தான் கேட்டது. “செபம் நான்தான் துவங்க வேணும். முற்பாதிய நான் சொல்லிப்போட்டு இடைவெளி விடுறன். இப்ப நீங்க ரெண்டு பேரும் வாய் திறக்கப்படா. மறுகா, ஒப்பரேஷனுக்குப் பிறகு, வீட்டில இதப் போட்டா, அந்த இடைவெளியில நீங்க சொல்லலாம். அப்ப நானும் உங்களோட செபிக்கிற மாதிரி இரிக்கும்.”

அதைக் கேட்டுக் கொலின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் பார்க்கும்படி அழக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது.

முதலில் உதயரூபன் சொன்னபடிதான் பதிந்து பார்த்தான். பழைய லப்டொப்பின் இரைச்சலுக்குள் ஜிலியனின் குரல் அடியோடு அமிழ்ந்துபோனது. இரண்டாவது தரம் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்தும் பார்த்தான். இரைச்சல்தான் கேட்டது. அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை தரம் அவளால் முடியும்? கொலின் உதயரூபனுக்கு போன் எடுத்தான், பதில் இல்லை. பெட்டியை மைக்குக்கும் லப்டொப்புக்கும் நடுவில் கொழுவினான். திரெஷோல்ட் கோட்டை நன்றாகக் கீழே இறக்கினான். ரேஷியோவைக் கூட்டினான். ரிலீஸை வேகமாக்கினான். கெயினைப் போகிற மட்டும் திருகினான்.

ஹெட்போனுக்குள் ஜிலியனின் மூச்சு அவன் காதுக்குள்ளேயே விட்டதுபோல் கேட்டது. கேட்கிறது என்று அவன் ஜிலியனுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஜன்னல்களைச் சாத்தினான். ஃபேனை நிறுத்தினான். றொஷெலைத் தரையில் இருத்தி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். ஜிலியன் தொடங்கினாள்.

அவள் சொல்லும்போது, பெட்டி எவ்வளவு சத்தத்தை அமத்துகிறது என்று காட்டும் முள் இடப்பக்கம் சாய்ந்தது. நிறுத்தியதும் வலப்பக்கம் திரும்பி வந்தது. அவள் குரல் நின்ற இடத்தில் அறையே மேலெழுந்து வந்தது. வெயிலில் கூரை ஓடு வெடிக்கும் சத்தம், சுவருக்கு அப்பால் வாவித் தண்ணீர் கல்லில் தட்டும் சத்தம், மகளின் சட்டை உரசும் சத்தம். மறுபடி அவள் சொன்னதும் அவையெல்லாம் ஒதுங்கின. எல்லாம் உதயரூபன் சொன்னபடியே நடந்தது.

செபமாலையின் ஐந்து பத்துகளில் முதற் பத்து மணியும் அப்படியே போனது.

இரண்டாம் பத்தில் ஒரு இடைவெளியில் முள் திரும்பி வரவில்லை.

சாய்ந்தபடியே நின்று மெல்ல அசைந்தது. பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று கொலின் நினைத்தான். அடுத்த இடைவெளியிலும் அதே அசைவு. கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் நின்று, மறுபடி சாய்ந்தது. அந்தத் தாளம் அவனுக்குத் தெரிந்த தாளம். சின்ன வயதிலிருந்து பின்னேரம் பின்னேரமாக வாயால் சொல்லிவந்த தாளம்.

பிற்பாதியின் தாளம்.

ஜிலியனைப் பார்த்தான். அவள் வாய் மூடியிருந்தது. மகளைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விளையாட்டாகக் கண்ணை உருட்டினாள்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து எடுத்தான். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி போட்டான்.

யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிக மெல்லிய குரல், ஈரமான குரல். மைக்குக்கு அந்தப் பக்கமிருந்து, ஜிலியனின் தோளுக்குப் பின்னால் இருந்து. பிற்பாதியை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, அவள் அடுத்ததைத் தொடங்கட்டும் என்று அது காத்திருந்தது.

 எழுந்து பதிவை நிறுத்தவேண்டும் என்றுதான் கொலின் நினைத்தான். ஆனால் ஜிலியனின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. உதட்டோரத்தில் இரத்தம் கலந்த எச்சிலைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இதை நிறுத்தினால் இன்னொரு தரம் தொடங்க அவளிடம் குரல் இல்லை. இது போனால் எல்லாம் போயிற்று.

அவன் நிறுத்தவில்லை. கையை நீட்டி ரிலீஸ் திருகை மெதுவின் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினான்.

இப்போது ஜிலியன் நிறுத்தியதும் முள் அப்படியே சாய்ந்து நின்றது. பெட்டி தன் கையை எடுக்குமுன் அவள் அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். இடைவெளிகள் அமைதியாகின. காதில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே போதும் என்று அவன் தன் மனதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அங்கே இருக்கிறது போய்விட்டதா, அவன் கேட்காமல் விட்டானா என்ற கேள்வியை அவன் கிட்டவே எடுக்கவில்லை.

கடைசி மணியைச் சொல்லி முடித்ததோடு ஜிலியனின் குசுகுசுப்பும் நின்றுபோனது. அதன்பிறகு திங்கட்கிழமை வரை அவள் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

ஒப்பரேஷன் சுகமாக முடிந்தது. கழுத்தில் துளையோடும் கட்டோடும் ஜிலியனை வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவள் தேறி எழுந்து உட்கார்ந்த பின்னேரம், மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, கொலின் போனில் அந்தப் பதிவைப் போட்டான். தன் குரலைத் தானே கேட்டு ஜிலியனின் கண் கலங்கியது. றொஷெல் துள்ளி எழுந்தாள்.

“மம்மி கதைக்கிறா!”

முற்பாதி முடிந்தது. கொலினும் மகளும் பிற்பாதியைச் சொன்னார்கள். இரண்டாம் பத்தில் மகள் சொல்வதை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தாள்.

“டடா, எங்களோட சேந்து ஆரு சொல்றது?”

 கொலின் ஜிலியனைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“உனக்குத் தெரியுமா? அண்டைக்கே கேட்டதா?”

அவள் ஆம் என்று தலையை அசைத்தாள். பிறகு சத்தமில்லாமல், சொல் சொல்லாக உதட்டை அசைத்தாள். அவன் வாசித்தான். எனக்கு ஹெட்போன் இல்லாமலே கேட்டது. காதுக்குப் பின்னால நிண்டு சொன்னது. நான் நிப்பாட்டினா நீங்க பயந்து எல்லாத்தையும் விட்டிருவீங்க. பிள்ளைக்கு ஒண்டும் மிஞ்சாது.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். கொலின் அவள் மடியில் தலையை வைத்து அழுதான். மகள் பார்க்கக்கூடாது என்ற பேச்செல்லாம் அன்றைக்கு எடுபடவில்லை.

மறுநாள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு உதயரூபனிடம் ஓடினான். உதயரூபன் கேட்டுவிட்டுக் கடிந்துகொண்டான்.

“சொன்னன்தானே மச்சான், பெட்டியப் போட்டுப் பதியாத எண்டு. ரெண்டையும் ஒரே மட்டத்துக்கு நசிச்சு வெச்சிரிக்காய். இனி எதப் பிரிக்கிற?”

“ரெண்டுமெண்டா உனக்கும் மற்றது கேக்குதா?”

“கேக்குது. ஆனா இதில என்ன பயம்? ரெண்டும் ஜிலியன்ட குரல்தானே. அவவே பிற்பாதியையும் சொல்லியிரிக்கா.” அவன் கடைசிப் பத்திலிருந்து ஒரு இடைவெளியை மட்டும் தனியே எடுத்து உரக்கப் போட்டான்.

ஜிலியனின் குரல்தான் பிற்பாதியைச் சொன்னது. அதே மூச்சிழுப்பு, அதே கரகரப்பு.

“அவள் வாயே திறக்கல்ல,” என்றான் கொலின்.

உதயரூபன் சிரித்தான். பிறகு கொலினின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். இரண்டாம் பத்துக்குப் போய் ஒரு இடைவெளியைப் போட்டான். அங்கே அது வேறு குரல், ஆணா பெண்ணா என்று தெரியாத ஈரக் குரல். மூன்றாம் பத்தில் கொஞ்சம் ஜிலியன் கலந்திருந்தாள். நான்காவதில் பாதிக்குப் பாதி. அவன் ஐந்தாவதைப் போடவில்லை. இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து வெட்டி எறிந்து, அந்த இடங்களில் வெறும் அமைதியை வைத்துக் கொடுத்தான். திரையில் அந்த இடங்களெல்லாம் நேர்கோடாகக் கிடந்தன. கொலின் புறப்படும்போது கொம்பிரசரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் என்றான்.

அன்று பின்னேரம் கொலின் வீட்டில் அந்த வெட்டிய பதிவைப் போட்டான். முற்பாதி முடிந்ததும் போனில் செத்த அமைதி. கொலின் பிற்பாதியைத் தொடங்கினான்.

“உஷ்.” றொஷெல் அவன் முழங்காலில் தட்டினாள். “சத்தம் போடாதீங்க டடா. அவங்க சொல்லி முடிக்கட்டும்.”

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகள் மட்டும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அடுத்ததற்குத் தயாராகக் கைகூப்பினாள்.

ஜிலியன் எழுந்தாள். கட்டிலைப் பிடித்து, கதவைப் பிடித்து வந்து, போனை அவன் கையிலிருந்து பறித்தாள். பதிவை அழித்தாள். லப்டொப்பைத் திறந்து அங்கேயும் அழித்தாள். உதயரூபனிடம் இருந்த பிரதியையும் அழிக்கச் சொல்லிக் கொலினை மெசேஜ் போட வைத்தாள். தொண்டையைக் கிழித்துச் சேர்த்த குரலைத் தன் விரலாலேயே அவள் துடைத்தெறிந்தாள். கொலின் தடுக்கவில்லை. உலகத்தில் அவள் குரல் இனி எங்கும் இல்லை என்பது மட்டும் அவன் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஜிலியன் மாதா படத்தைக் காட்டி, பிறகு அவன் நெஞ்சைத் தொட்டாள். இனி நீங்க துவங்குங்க என்று அதற்கு அர்த்தம். அவனுக்கு இதுவரை அந்தப் பழக்கமில்லை. செபமாலையைக் கையில் எடுத்தான். கராஜில் வேலை முடிந்து சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. தடுமாறித் தடுமாறி முற்பாதியைச் சொல்லி முடித்து நிறுத்தினான்.

மகள் பதில் சொல்லவில்லை. தலை குனிந்து காத்திருந்தாள்.

ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது.

பிறகு பிற்பாதி வந்தது.

இந்த முறை அவனுக்கும் கேட்டது. மைக் இல்லை, போன் இல்லை, பெட்டி இல்லை. ஜிலியன் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் இருந்து, அறை நிறைய, கூரை அதிர. நோயும் கரகரப்பும் தொடாத, கொயரில் முன்வரிசையில் நின்ற நாட்களின் குரல். யாரும் எங்கும் பதிந்து வைக்காத குரல்.

“மம்மி!” றொஷெல் கைதட்டிச் சிரித்தாள்.

ஜிலியன் சிரிக்கவில்லை. அவள் கழுத்துத் துளைக்குள் மூச்சு விசில் போல இழுபட்டது. கண்ணீர் வழிய, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்து, கொலினின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.  அவளுக்குப் பின்னால் அந்தக் குரல் சொல்லி முடித்துவிட்டு, அவன் அடுத்ததைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தது.

கொலின் அவள் கையை மெதுவாக விலக்கினான். அடுத்த மணியைப் பிடித்து முற்பாதியைச் சொல்லத் தொடங்கினான்.